ஹாலுசினோஜெனின் 'ட்விஸ்டெட்' (1995): கடற்கரையின் இசையா, ஒலிப்பதிவுக்கூடத்தின் இசையா?

தண்ணொலி எழுதியது:

சைகடெலிக் டிரான்ஸ் என்ற மின்னணு ஆட்ட இசையைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது சைமன் போஸ்ஃபோர்டின் 'ட்விஸ்டெட்' ஆல்பத்தில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. ஹாலுசினோஜென் என்ற பெயரில் அவர் உருவாக்கிய இந்த முதல் ஆல்பத்தை 1995இல் லண்டனின் டிராகன்ஃபிளை ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அஞ்சுனா கடற்கரை, முழுநிலவு, தென்னந்தோப்பு என்று தொடங்கி, கோவாவின் இரவுகளையே குறுந்தட்டுக்குள் அடைத்துத் தந்துவிட்டார்கள் என்பதுபோல் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆல்பத்தைப் பலமுறை கேட்ட பிறகும் என் காதில் முதலில் படுவது கடற்கரை அன்று, ஒலிக்கலவை மேசையின் முன் அமர்ந்திருக்கும் ஒரு தேர்ந்த ஒலிப்பொறியாளரின் கைதான்.

போஸ்ஃபோர்ட் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் இருந்த பட்டர்ஃபிளை ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தவர். அந்தக் கூடத்தின் உரிமையாளர் யூத் என்று அறியப்படும் மார்ட்டின் குளோவர். கில்லிங் ஜோக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த அவர், தி ஓர்ப் குழுவின் அலெக்ஸ் பேட்டர்சனோடு சேர்ந்து இயங்கியவர், பாட்டை எதிரொலி சேர்த்து மறுகலவை செய்யும் ஜமைக்காவின் டப் இசையில் ஊறியவர், கோவாவுக்குப் போய் வந்து டிராகன்ஃபிளையைத் தொடங்கியவரும் அவரே. அப்படிப்பட்ட ஒருவரின் கூடத்தில், பிறருடைய பதிவுகளைச் சீர்செய்து பழகிய இளைஞர் தனக்கென்று ஓர் ஆல்பத்தை அமைக்கும்போது, எந்த ஓசை முன்னே நிற்க வேண்டும், எது பின்னே கரைய வேண்டும், எதிரொலி எந்தக் கணத்தில் அறுபட வேண்டும் என்ற முடிவுகளே இசையமைப்பாகிவிடுகின்றன. 'ட்விஸ்டெட்' பிறர்மேல் செலுத்திய தாக்கம் முழுவதும் இங்கிருந்துதான் வந்தது என்பது என் கருத்து. மெட்டு நினைவில் நிற்கும் பாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. ஒரு ஓசை தன் நிறத்தை மாற்றிக்கொண்டே போவதையே மெட்டின் இடத்தில் வைத்த ஆல்பம் இது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டும்.

கடலோரன் எழுதியது:

தண்ணொலி அவர்களே, கையைச் சொன்னீர்கள், அந்தக் கைக்கு வேலை வைத்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 'ட்விஸ்டெட்' பிரிக்ஸ்டனில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதன் வடிவத்தை வகுத்தது எது என்பதே கேள்வி, அதற்கு விடை கோவாவில்தான் இருக்கிறது.

அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அஞ்சுனாவில் தங்கிய ஹிப்பிகள் முதலில் கேட்டது ராக், ரெக்கே போன்றவற்றைத்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து, பின்னாளில் கோவா கில் என்று அறியப்பட்டு, 2023இல் காலமான கில்பர்ட் லெவியும் அந்த மரபிலிருந்து வந்தவரே. எண்பதுகளின் தொடக்கத்தில் லாரன்ட் என்ற பிரெஞ்சு டிஜேவும் அவரைப் போன்ற சிலரும் ஐரோப்பாவின் எலக்ட்ரானிக் இசையைக் கேசட்டுகளில் கொண்டுவந்தார்கள். பாடகரின் குரல் வரும் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, இசைக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் பகுதிகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி நீட்டி, விடியும்வரை ஆடுவதற்கேற்ற புதிய பாட்டுகளை அந்தக் கேசட்டுகளிலேயே உண்டாக்கினார்கள். குரல் இல்லாத, கதை சொல்லாத, நீண்டுகொண்டே போகும் இசை என்ற எண்ணம் ஆடுகளத்தின் தேவையிலிருந்து வந்தது. எந்தப் பொறியாளரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்தது டேட். சோனி நிறுவனம் 1987இல் டேட் என்ற இந்த டிஜிட்டல் ஒலிநாடாவைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, கோவாவில் வாசித்தவர்கள் மெல்ல அதற்கு மாறினார்கள். கடற்கரை வெயிலிலும் புழுதியிலும் வினைல் தட்டுகள் வளைந்து கெட்டன, உலகின் மறுகோடிவரை அவற்றைச் சுமந்து வருவதும் எளிதன்று. ஆனால் டேட் கருவிகளில், டிஜேக்கள் வினைல் மேசையில் செய்வதுபோல வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு பாட்டுகளின் அடிகளை ஒன்றோடொன்று பொருத்த வசதி இல்லை. ஒரு பாட்டு முழுவதுமாக முடிந்து அடுத்தது தொடங்க வேண்டும், இடையில் கூட்டம் அறுந்துபோகவும் கூடாது. அதனால்தான் இந்த இசையில் தாளமில்லாத நீண்ட தொடக்கங்களும், மெல்லக் கரையும் முடிவுகளும், ஒவ்வொரு பாட்டும் தனக்கென்று ஏற்றமும் உச்சமும் இறக்கமும் கொண்ட ஏழெட்டு நிமிடப் பயணமாக அமைவதும் வந்தன. நீங்கள் 'ட்விஸ்டெட்'டில் வியக்கிற கட்டமைப்பின் எலும்பு, அரபிக்கடல் ஓரத்தில் டேட் கருவி வைத்த நிபந்தனை. பிரிக்ஸ்டனில் அதன்மேல் தசை சேர்ந்தது, அவ்வளவே.

நிரவல் எழுதியது:

இருவரும் தொடாத ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கோவாவின் பெயர் இதன்மேல் ஒட்டியிருப்பதால், இதில் இந்திய இசை கலந்திருக்கிறது என்று நம்மவர்களே பெருமையோடு எழுதுவதைப் பார்க்கிறேன். நான் கர்நாடக இசை கற்றவன், ஆகையால் இதைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கோவா டிரான்ஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த இசையின் மெட்டுகள் அடிக்கடி கையாளும் ஏழு சுரக் கட்டுகள் சில உண்டு. மேற்கில் ஃபிரிஜியன் என்று அழைக்கப்படும் வரிசை நம் அனுமத்தோடியின் சுரங்களைக் கொண்டது. அதிலுள்ள சிறிய காந்தாரத்தைப் பெரியதாக்கினால் வகுளாபரணத்தின் சுரங்கள் கிடைக்கும், நிஷாதத்தையும் பெரியதாக்கினால் மாயாமாளவகௌளை. மூன்றிலும் சட்ஜத்தை ஒட்டினாற்போல் நிற்கும் சுத்த ரிஷபம்தான் அந்தப் 'கிழக்கத்திய' மயக்கத்தைத் தருகிறது. ஆனால் சுரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகம் வந்துவிடாது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்திப் பாடினால் எந்த ஆசிரியர் அதைத் தோடி என்று ஏற்றுக்கொள்வார்? டிரான்ஸில், சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சர் கருவி ஒவ்வொரு சுரத்தையும் குத்திக் குத்தி நிறுத்துகிறது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இல்லை, பிடி இல்லை, சஞ்சாரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இதே சுரக் கட்டுகள் ஸ்பெயினின் ஃபிளமெங்கோவிலும் துருக்கிய, அரபு, யூத இசைகளிலும் நெடுங்காலமாக இருக்கின்றன. இசை ஐரோப்பாவுக்கு வந்த வழியைப் பார்த்தால் நம்மைவிட அவர்களே அதற்குப் பக்கத்து வீட்டார்.

பேஸ் ஒலி பாட்டு முழுவதும் ஒரே ஆதார சுரத்தில் நிற்பதைத் தம்பூராவோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. கேட்கும் அனுபவத்தில் அந்த ஒற்றுமை மெய்தான், வரலாற்றில் அது டெக்னோ, ஆசிட் ஹவுஸ் ஆகிய முந்தைய மின்னணு ஆட்ட இசை வகைகளிலிருந்து வந்த பழக்கம். ஆக, கோவா இந்த இசைக்கு ஆடுகளத்தையும் நீண்ட இரவையும் கொடுத்தது என்று கடலோரன் சொல்வதை ஏற்கிறேன். இந்திய இசையைக் கொடுத்தது என்று சொன்னால் ஏற்கமாட்டேன். அங்கே அந்தக் காலத்தில் ஆடியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பயணிகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணொலி எழுதியது:

நிரவல் அவர்களின் பதிவு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. சீக்வென்சர் சுரத்தைக் குத்தி நிறுத்துகிறது என்றீர்கள். மிகச் சரி. அந்தக் குறையை இந்த இசை எப்படி ஈடுசெய்கிறது என்பதில்தான் போஸ்ஃபோர்டின் திறமை இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 145 அடிகள் என்று கொண்டால், ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்து ஓடும் சுரம் ஒன்றின் நீளம் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் கமகத்துக்கு இடமே இல்லை. ஆகவே அசைவு சுரத்திலிருந்து ஓசையின் நிறத்துக்கு மாறுகிறது. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, எஸ்எச்-101 போன்ற அனலாக் சிந்தசைசர்கள் அனைத்திலும் அடிப்படை ஒன்றே. அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேலோசைகள் நிறைய கொண்ட கரடுமுரடான அலையை முதலில் உண்டாக்கி, அதன் உயர் அதிர்வெண்களை ஒரு ஃபில்டர் வெட்டும். ஃபில்டரின் வெட்டுப்புள்ளியை மேலே நகர்த்த நகர்த்த, அதுவரை மூடிக் கிடந்த மேலோசைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். ரெசனன்ஸ் என்ற குமிழைத் திருப்பினால் வெட்டுப்புள்ளிக்கு அருகிலுள்ள மேலோசை மட்டும் விம்மி, ஏறத்தாழ மனிதத் தொண்டையைப் போல் பேசத் தொடங்கும். சுரவரிசை மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, அதற்குள் இன்னொரு மெட்டு உயிர்கொள்வதாகக் காது உணர்வது இதனால்தான்.

ஆசிட் ஹவுஸ் இதை எண்பதுகளிலேயே செய்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். அங்கே பெரும்பாலும் ஒரே வரி, ஒரே குமிழ், வெளிப்படையான ஏற்றம். 'ட்விஸ்டெட்'டைத் தொடங்கிவைக்கும் 'எல்எஸ்டி'யைக் கேளுங்கள். பல வரிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒவ்வொன்றின் நிறமும் தனித்தனி வேகத்தில் மாறுகிறது, ஒன்று உச்சத்தை அடையும்போது மற்றொன்று அடியில் கருவாகிக்கொண்டிருக்கிறது. எது முதன்மை வரி என்று காது முடிவு செய்த மறுகணமே அது பின்னணியாகிவிடும். இரண்டாவது பாட்டான 'ஆர்ஃபிக் த்ரெஞ்ச்'சில் இந்த விளையாட்டு இன்னும் துணிச்சலானது. இன்றைய கணினி மென்பொருளில் இதைச் செய்ய ஒவ்வொரு குமிழின் அசைவையும் கோடாக வரைந்து, பிடிக்கவில்லையென்றால் திருத்திக்கொள்ளலாம். அக்காலத்தில் வன்பொருள் சிந்தசைசர்களையும், ஓசைகளைப் பதிந்து மீட்டொலிக்கும் சாம்ப்ளரையும் கலவை மேசையையும் சேர்த்துக் கட்டிய அமைப்பில், குமிழ்களைக் கையால் திருகியபடி, ஓடும் கலவையை நேரடியாக ஒலிநாடாவில் இறக்குவதே பொதுவான வழக்கம். மறுநாள் வந்து அதே நிலையை அப்படியே மீட்பது கடினம். பரவலாக இருந்த அகாய் எஸ்1000 சாம்ப்ளரின் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட் என்றால், அந்தச் சூழலில் எவ்வளவு சிக்கனமாக யோசிக்க வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிரவல் கமகம் இல்லை என்கிறார். கமகத்தை விரலிலிருந்து குமிழுக்கு மாற்றினார்கள் என்பேன் நான்.

பழந்தட்டு எழுதியது:

இந்த இழையில் எல்லாரும் 'ஆல்பம்' என்ற ஒன்றை மிகப் பெரிதாக்குவதாகப் படுகிறது. 'எல்எஸ்டி'யும் 'ஆல்ஃபா சென்டாரி'யும் 1994இலேயே பன்னிரண்டு அங்குல வினைல் தட்டில் வந்துவிட்டன. ஆடுகளத்தில் நிகழ வேண்டிய தாக்கம் ஆல்பம் வரும் முன்பே நிகழ்ந்துவிட்டது. இந்த வகை இசையில் வெளியீட்டுக்கு முன்பே பாட்டுகள் டேட் நாடாக்களாக டிஜேக்களின் கைகளுக்கிடையே சுற்றிவந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1995 என்ற ஆண்டைத் தொடக்கப்புள்ளி ஆக்குவது கடைக்காரரின் கணக்கு, கேட்பவரின் கணக்கு அன்று.

முன்னோடி என்று சொல்வதானால் ஜூனோ ரியாக்டரின் 'டிரான்ஸ்மிஷன்ஸ்' 1993இல் வந்துவிட்டது. ராஜா ராமும் கிரஹாம் உட்டும் நடத்திய தி இன்ஃபினிட்டி பிராஜெக்ட் குழுவின் 'மிஸ்டிகல் எக்ஸ்பீரியன்சஸ்' இதே 1995இல் வந்தது. டிராகன்ஃபிளையின் தொகுப்புத் தட்டுகள் பல பெயர்களை ஒரே குறுந்தட்டில் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தன. பால் ஓக்கன்ஃபோல்ட் 1994 டிசம்பரில் பிபிசி ரேடியோ 1இல் வழங்கிய கோவா தொகுப்பை எத்தனையோ பேர் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். ஒரு மனிதரையும் ஓர் ஆல்பத்தையும் கொடிக்கம்பமாக நட்டுவிட்டு மற்றவர்களைக் கீழே நிறுத்துவது நியாயமன்று.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 1994இல் பிரிட்டன் இயற்றிய குற்றவியல் நீதிச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்ட இசையோடு திறந்தவெளியில் இரவில் கூடுவதைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. இசையின் இலக்கணத்தைச் சட்டப்பிரிவில் எழுதிவைத்த அரிய நிகழ்வு அது! வயல்வெளியில் ஆட வழியில்லாமல் லண்டனில் இந்த இசை பிரிக்ஸ்டனின் தி ஃபிரிட்ஜ் போன்ற மூடிய கூடங்களுக்குள் வளர்ந்ததற்கும், வீட்டில் அமர்ந்து கேட்கும் குறுந்தட்டு ஆல்பத்துக்கு மதிப்பு ஏறியதற்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

கடலோரன் எழுதியது:

பழந்தட்டு ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. தொகுப்புத் தட்டுகள் ஒரு சூழலை அறிமுகம் செய்யும், ஆனால் ஒருவருடைய குரலைத் தொடக்கம் முதல் முடிவுவரை கேட்கும் வாய்ப்பை அவை தருவதில்லை. 'ஷாமனிக்ஸ்', 'டார்க் மேகஸ்' போன்ற பாட்டுகளைத் தனியாகக் கேட்டால் நடுத்தரம் என்றே சொல்லத் தோன்றும். (மைல்ஸ் டேவிஸின் ஒரு நேரடிப் பதிவுத் தட்டின் பெயரும் 'டார்க் மேகஸ்'தான். தன் தட்டுகளில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டும் கலையைக் கையாண்ட ஜாஸ் கலைஞரின் தலைப்பு இங்கே வந்து அமர்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும்.) ஆல்பத்தின் வரிசையில் அவற்றைக் கேட்கும்போதுதான் அவற்றின் இருட்டு எதற்கு என்பது விளங்குகிறது. கோவாவிலும் அப்படித்தான். நள்ளிரவுக்குப் பின் கரடான இசை, கிழக்கு வெளுக்கும்போது மெட்டும் ஒளியும் கூடிய இசை என்று இரவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

இளவேனில் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இழையைப் படித்துவிட்டு ஆல்பத்தைக் கேட்டேன். எனக்கு ஒரே 'தும் தும்' ஓசையும், அதன்மேல் கீச்சிடும் ஓசைகளும்தான் கேட்டன. முதல் பாட்டின் தலைப்பே போதைப்பொருளின் பெயராக இருக்கிறது. அதை உட்கொண்டவர்களுக்கு மட்டும் புரியும் இசையா இது? வெறுமனே கேட்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

நிரவல் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. அந்தப் பண்பாட்டுக்கும் போதைப்பொருளுக்கும் இருந்த உறவை மூடி மறைப்பதில் பயனில்லை, தலைப்பே அதை ஒளிக்கவில்லை. ஆனால் நானும் வெறும் காதோடுதான் கேட்கிறேன், எனக்கு ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் தயவுசெய்து அதை விடுங்கள். கீழ்ச்சுதி அதில் எழாது, எஞ்சுவது நீங்கள் சொல்லும் கீச்சொலிதான். நல்ல காதுப்பேசியில், இடது வலது இரண்டும் தெளிவாகப் பிரியும்படி கேளுங்கள். 'தும் தும்' என்பதைக் கச்சேரியில் தாளம் போடும் கையாக எடுத்துக்கொண்டு, மனத்தை அதிலிருந்து விலக்குங்கள். பிறகு ஏதாவது ஒரு கீச்சொலியைத் தேர்ந்து, அதை மட்டும் பின்தொடருங்கள். அது எப்போது நுழைந்தது, எப்போது அகன்றது, எந்த இடத்தில் எதிரொலியில் நனைந்து ஈரமாகி எங்கே காய்ந்தது என்று பாருங்கள். இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் அது உங்களை ஏமாற்றிவிட்டு மறையும். அடுத்த முறை வேறு ஒன்றைப் பின்தொடருங்கள். 'எல்எஸ்டி' பிடிபடவில்லையென்றால் 'ஏஞ்சலிக் பார்ட்டிகிள்ஸ்' பாட்டிலிருந்து தொடங்கலாம். தண்ணொலி அவர்களின் குமிழ்க் கமகம் என்ற உவமையை நான் முழுதாக ஏற்கவில்லை, ஏனென்றால் கமகம் ஒரு சுரத்தை அடுத்த சுரத்தோடு இணைக்கிறது, இங்கே அப்படியொரு இணைப்பு இல்லை. ஆயினும் கவனம் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய திசை சரியானது.

தண்ணொலி எழுதியது:

நிரவல் அவர்களின் திருத்தத்தைப் பெற்றுக்கொள்கிறேன். ஆல்பத்தின் பின்விளைவைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

போஸ்ஃபோர்ட் 1996இல் ட்விஸ்டெட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார், 1997இல் 'தி லோன் டிரேஞ்சர்' என்ற இரண்டாவது ஹாலுசினோஜென் ஆல்பம் வந்தது. ராஜா ராமோடு சேர்ந்து ஷ்பாங்கிள் என்ற பெயரில் அவர் அமைத்த முதல் ஆல்பம் 1998இல் வெளியானது. அதில் வேகம் தணிந்து, புல்லாங்குழலும் மனிதக் குரல்களும் உள்ளே வருகின்றன. அந்தக் கூட்டணியின் தொடக்கத்துக்கு, இந்தியாவில் இருவரும் கண்ட முழுச் சூரிய கிரகணம் ஒன்றைக் காரணமாகச் சொல்வார்கள். இது கடலோரனுக்கு மகிழ்ச்சி தரும்.

ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் கோவா டிரான்ஸ் என்ற பெயர் பின்னே தள்ளப்பட்டு, சைகடெலிக் டிரான்ஸ் என்ற பெயர் நிலைத்தபோது, மெட்டு மெலிந்து ஓசை வேலைப்பாடு பெருத்தது. 'ட்விஸ்டெட்' திறந்துவிட்ட வழியில் போனவர்களில் பலர் அதன் நுணுக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்த பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நொடிக்கு ஒரு புதிய ஓசை வேண்டும் என்ற பதற்றத்தில், ஒரே ஓசையை மூன்று நிமிடம் வளர்க்கும் துணிவு போய்விட்டது. முன்னோடி ஆல்பத்தின்மேல் இந்தப் பழியையும் ஓரளவு சுமத்தத்தான் வேண்டும்.

கடலோரன் எழுதியது:

இடமும் மாறிவிட்டதே, அதையும் கணக்கில் எடுங்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன, 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் அந்த நேரக் கட்டுப்பாட்டை உறுதியாக வலியுறுத்தியது. ஊர் மக்களின் உறக்கத்தை எண்ணிப் பார்த்தால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாகட்டரின் டிஸ்கோ வேலி போன்ற திறந்தவெளிகளில் முழு இரவு ஆட்டத்துக்கு இருந்த இடம் சுருங்கியது. நள்ளிரவில் தொடங்கி விடியலில் உச்சம் தொடும் இசையை, மாலையில் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்த வேண்டிய நிகழ்ச்சியில் வைத்தால், பொறுமைக்கு எங்கே இடம்? போர்ச்சுக்கலில் 1997இல் தொடங்கிய பூம் போன்ற விழாக்களுக்குத்தான் அந்த நீண்ட இரவு இடம்பெயர்ந்தது.

பழந்தட்டு எழுதியது:

தண்ணொலியின் முதல் பதிவுக்கு என் கடைசி மறுமொழி. ஓசையின் நிறமே இந்த ஆல்பத்தின் உயிர் என்றால், தாளத்தை எடுத்துவிட்டாலும் அது நிற்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஒலிப்பொறியாளர் ஆட், 2002இல் 'இன் டப்' என்ற பெயரில் ஹாலுசினோஜென் பாட்டுகளை ரெக்கே வேகத்துக்கு இறக்கி மறுகலவை செய்து வெளியிட்டார், 'ஏஞ்சலிக் பார்ட்டிகிள்ஸ்' அதிலும் இருக்கிறது. அந்த வடிவத்தில் பாட்டுகள் நிற்கின்றன, சில இடங்களில் மூலத்தைவிட நன்றாகவே நிற்கின்றன. யூத்தின் கூடத்தில் புழங்கிய டப் மரபு அதில் வெளிப்படையாகிவிட்டது, அந்த அளவில் உங்கள் கட்சி வென்றது. ஆனால் எனக்கு அங்கே நினைவில் தங்குவது ஓசை அன்று, மெட்டுகள்தான். வேகம் குறைந்ததும் அவை எவ்வளவு எளிமையானவை, எவ்வளவு பாடத்தக்கவை என்பது தெரிந்துவிடுகிறது. மெட்டின் இடத்தில் ஓசையை வைத்தார் என்ற உங்கள் வாக்கியத்தை அந்தத் தட்டைக் கேட்ட பிறகு ஒருமுறை மாற்றி எழுதிப் பாருங்கள்.

தண்ணொலி எழுதியது:

'இன் டப்' என்னிடம் இருக்கிறது. இன்றிரவு 'ஏஞ்சலிக் பார்ட்டிகிள்ஸ்' பாட்டின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை என் வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.